1952 திரைப்பட விழாவும் ஒரு மிகைக்கூற்றும்

1952 ஜனவரி 24 அன்று பம்பாயில் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா தொடங்கிற்று. பிலிம்ஸ் டிவிஷன் நடத்திய அவ்விழாவின் படங்கள் பின்னர் சென்னை, தில்லி, கல்கத்தா நகரங்களிலும் திரையிடப்பட்டன. மிகுதியாகப் பேசப்பட்டவை இத்தாலியப் படங்கள். குறிப்பாக, வித்தோரியோ டி சிகாவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’. திருடுபோன சைக்கிளைத் தேடித் தந்தையும் மகனும் ரோம் நகரத் தெருக்களில் அலைவதே அதன் கதை. மறு ஆண்டு வெளிவந்த பிமல் ராயின் ‘தோ பீகா ஜமீன்’ படத்தில் அதன் சாயல் வெளிப்படை. அங்கும் ஒரு தந்தையும் மகனும்; சைக்கிளின் இடத்தில் கல்கத்தாவின் கைரிக்‌ஷா.

இதனைக் கொண்டே, இந்திய யதார்த்த சினிமா இவ்விழாவில்தான் பிறந்தது என்று எழுதும் வழக்கம் உண்டு. கால வரிசை இதற்கு இடந்தரவில்லை. சத்யஜித் ராய் டி சிகாவின் படத்தை 1950இலேயே லண்டனில் பார்த்துவிட்டார். வங்கப் பஞ்சத்தைச் சித்திரித்த கே. ஏ. அப்பாஸின் ‘தர்த்தி கே லால்’ வெளிவந்தது 1946இல். நிமாய் கோஷ் தமது ‘சின்னமூல்’ (1950) படத்துக்காகச் சியால்தா ரயில் நிலையத்தில், உண்மையான அகதிகளுக்கு நடுவிலேயே காமிராவை நிறுத்தினார். ஏற்கெனவே நிகழ்ந்துகொண்டிருந்த ஒரு தேடலுக்கு விழா வலுவூட்டியது எனலாம். தொடக்கம் என்பது மிகை.

விழாவை முதற்புள்ளியாக வைக்கும் வரலாறுகளில் நிமாய் கோஷுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஓர் அடிக்குறிப்பே. அவர் பின்னர் சென்னைக்குக் குடிபெயர்ந்தார்; 1960இல் ‘பாதை தெரியுது பார்’ என்னும் தமிழ்ப் படத்தை இயக்கினார்.