ஆங்கிலோ-சாக்சன் வீரப்பாடல்களில் ஆள்வோரின் ஆற்றலும் தகுதியும்

முன்னுரை

கிரேக்க, செருமானிய வீரப்பாடல்களை ஒப்பிட்டு, வீரயுகம் பற்றிய கொள்கையை எச்.எம். சாட்விக் 1912இல் நூலாக வெளியிட்டார். அக்கொள்கையைச் சங்கப் பாடல்களுக்குப் பொருத்தி ஆராய்ந்த க. கைலாசபதியின் ஆங்கில நூல் 1968இல் வெளிவந்தது. எனவே வீரயுகம் என்னும் சொல் தமிழாய்வாளர்க்குப் புதியதன்று. அக்கொள்கைக்கு அடிப்படையாக அமைந்தவற்றுள் பழைய ஆங்கிலப் பாடல்களும் அடங்கும். அவை மன்னனைப் புகழ்வதற்கென்றே எழுந்தவை என்று கருதுவது எளிது. ஆயின், புகழும் அப்பாடல்களே மன்னனது ஆற்றலுக்கு எல்லையும் வகுக்கின்றன என்பதை நிறுவ இக்கட்டுரை முயல்கிறது.

கொடையால் அமையும் அரசு

'பேயோவுல்ஃப்' 3182 அடிகளைக் கொண்டது, கி.பி. 1000ஐ ஒட்டி எழுதப்பட்ட ஒரே சுவடியில் கிடைத்துள்ளது. இதில் மன்னனைக் குறிக்கும் தொடர்கள் பலவும் பொன்வளையம் வழங்குபவன், பொன் தரும் நண்பன் என்னும் பொருளில் வருகின்றன. தலைவனைக் குறிக்கும் 'ஹ்லாஃபோர்ட்' என்னும் சொல்லே (இன்றைய 'லார்ட்') ரொட்டியைக் காப்பவன் என்னும் பொருளில் பிறந்ததாகும். ஈதலும் ஊட்டலும் மன்னனின் கூடுதல் பண்புகள் அல்ல. அவனை மன்னனாக்குவனவே அவைதாம் என்பது இதனால் புலப்படும்.

டேனிய மன்னன் ஹ்ரோத்கார் போரில் வென்றபின் இளைஞர் பலர் அவனைச் சூழ்கின்றனர். அதன்பின்னரே ஹெயோரொட் என்னும் பேரவைக் கூடத்தை எழுப்புகிறான். தனக்குக் கிடைத்த அனைத்தையும் அங்கு முதியோர்க்கும் இளையோர்க்கும் பகிர்ந்தளிக்க எண்ணுகிறான். பொதுநிலமும் மனித உயிர்களும் மட்டும் அப்பகிர்வுக்கு உட்படுவதில்லை. கொடையைச் சிறப்பிக்கும் அதே இடத்தில், மன்னன் கைவைக்கலாகாதவை எவை எனப் புலவர் வரையறுத்துவிடுவது நோக்கற்குரியது.

பெற்ற பரிசைத் தன் தலைவனுக்கு அளிப்பதும் மரபு. ஹ்ரோத்கார் தந்த எட்டுக் குதிரைகளுள் நான்கைத் தன் மன்னன் ஹைகெலாக்குக்கும் மூன்றை அரசி ஹிக்டுக்கும் பேயோவுல்ஃப் அளிக்கிறான். மன்னனோ அவனுக்கு வாளும் நிலமும் மாளிகையும் வழங்குகிறான். 'விட்ஸித்' பாடலின் புலவனும் எயோர்மன்ரிக்கிடம் பெற்ற பொன்வளையத்தைத் தன் தலைவனுக்கு அளிக்கிறான். அத்தலைவன் அவனுக்கு அவன் தந்தையின் நிலத்தைத் தந்தவன். 'டியோர்' பாடலில் இதன் மறுபக்கத்தைக் காண்கிறோம். தலைவன் முன்பு தந்திருந்த நிலவுரிமை வேறொரு புலவனுக்குக் கைமாறிவிடுகிறது. ஆக, தகுதியைத் தருபவனே அதனைப் பறிக்கவும் வல்லவன்.

எச்சரிக்கையாக அமையும் மன்னன்

கிரெண்டலின் தாயையும் வென்று மீளும் பேயோவுல்ஃபுக்கு முதிய ஹ்ரோத்கார் அறிவுரை கூறுகிறான். அதில் ஹெரெமோட் என்னும் முன்னோன் சான்றாகிறான். அவன் உடனுண்டோரைக் கொன்றான், டேனியர்க்குப் பொன்வளையம் ஈயவில்லை, இறுதியில் தனியனாயினான். வலிமை இருந்தும் உறவைக் காவாதவன் மன்னன் ஆகான் என்பதே இதன் கருத்து. வெற்றி பெற்ற வீரனைப் பாராட்டும் அவையிலேயே இது கூறப்படுவதால், புகழுரை எச்சரிக்கையாகவும் மாறுகிறது.

கொடைக்குப் பயன் விளையாதபோது

கொடை எப்போதும் விசுவாசத்தை விளைவிக்கும் எனவும் இப்பாடல்கள் கூறவில்லை. ஐம்பது ஆண்டுகள் ஆண்ட பேயோவுல்ஃப் நெருப்புயிர்க்கும் நாகத்துடன் பொருதபோது, அவனிடம் படைக்கலம் பெற்ற பதின்மர் காட்டிற்குள் ஓடி ஒளிகின்றனர்; விக்லாஃப் ஒருவனே துணை நிற்கிறான். அவர்தம் சுற்றம் நிலவுரிமை இழக்கும் என அவன் இடித்துரைக்கிறான். மன்னன் உயிர் கொடுத்து வென்ற பொன் எவர்க்கும் பயனின்றி மண்ணில் புதைக்கப்படுகிறது. வழங்கும் கை இல்லாத பொன்னுக்கு இப்பாடலில் மதிப்பில்லை.

991இல் நிகழ்ந்த மால்டன் போரைப் பற்றிய பாடலிலும் இதனைக் காணலாம். மன்னன் ஏதெல்ரெட் களத்தில் இல்லை. எசெக்ஸ் பகுதியின் தலைவன் பிர்த்நொத் போரிட்டு வீழ்கிறான். அவனிடம் குதிரைகள் பல பெற்ற காட்ரிக் அவனது குதிரையிலேயே ஏறி ஓடுகிறான். ஓடுபவன் தலைவனே என மயங்கிப் படை சிதறுகிறது. தலைமையின் அடையாளம் தகுதியற்றவனிடம் சேரின் படையே அழியும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. எஞ்சியோர், தலைவன் மாண்ட பின்னும் அவனுக்குப் பட்ட கடனை உயிரால் தீர்க்கின்றனர்.

முடிவுரை

937இல் நடந்த புருனன்பர்க் போரைப் பாடிய புலவர், வென்ற ஏதெல்ஸ்டனையும் பொன்வளையம் வழங்குபவன் என்றே குறிக்கிறார். அவனோ சட்டங்கள் இயற்றி, பிரித்தானியா முழுமைக்கும் மன்னன் எனத் தன் காசுகளில் பொறித்துக்கொண்டவன். ஆட்சிமுறை மாறிய பின்னும் ஈகையே மன்னனை அளக்கும் கோலாக நீடித்தமை இதனால் தெளிவாகிறது. இப்பாடல்களில் மன்னனின் தகுதி பிறப்பாலோ வலிமையாலோ மட்டும் நிலைப்பதன்று. ஈவோனுக்கும் ஏற்போனுக்கும் இடையிலான பிணைப்பு உள்ளவரையே நிலைப்பதாகும். அப்பிணைப்பு அறுபடும் இடங்களையும் மறைக்காது பாடியமையால், இவற்றை வெறும் புகழ்ப்பாடல்களாகக் கொள்ளுதல் பொருந்தாது. புரவலரைப் பாடும் எம்மொழி இலக்கியத்தை ஆராய்வோரும், பாராட்டோடு அதனுள் அடங்கிய எதிர்பார்ப்பையும் எச்சரிக்கையையும் சேர்த்து நோக்குதல் வேண்டும்.