புளியங்கரியும் ஆச்சி படமும்

நம்மூர்ப் பழைய வீடுகளில் பட்டாசாலைச் சுவரைப் பாருங்கள். சந்தனப் பொட்டு வைத்த பெரியவர்களின் படங்கள் முன்பக்கம் சாய்ந்து தொங்கும். போட்டோ என்று நினைத்துத்தான் கும்பிடுகிறோம். கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கிட்டே போய்ப் பார்த்தால் சிலவற்றில் மீசை முடியில் பென்சில் கோடும், கன்னத்தில் கரித்தூளைத் துணியால் தேய்த்த தடமும் தெரியும்.

அந்தக் காலத்தில் ஒருவர் ஆயுளில் எடுத்துக்கொண்ட படம் ஒன்றோ இரண்டோதான். பெண்களுக்கு அதுவும் கிடையாது; யார் வீட்டுக் கல்யாணத்திலோ கும்பலில் மூன்றாம் வரிசையில் நின்றது இருக்கும். அதில் ஆச்சியின் முகம் மிளகளவு. ஆச்சி காலமானதும் பதினாறாம் நாளுக்குள் படம் வேண்டும் என்று அந்த மிளகை ஓவியரிடம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அவர் படத்தின் மேல் கால் அங்குலக் கட்டம் போடுவார், தாளில் ஒரு அங்குலக் கட்டம் போடுவார். கட்டத்துக்குக் கட்டம் பார்த்து எழுதினால் நான்கு மடங்கு பெரிதாகும். ஆனால் கட்டம் மூக்கின் இடத்தைத்தான் சொல்லும், பார்வையைச் சொல்லாது. பேத்தி வந்து, “இது எங்க ஆச்சி இல்ல” என்று ஒரு வார்த்தை சொன்னால் பத்து நாள் வேலை வீண்.

இதற்கான சாமான்கள் எல்லாம் வீட்டிலும் பெட்டிக்கடையிலும் கிடைப்பவை. அவற்றில் மூத்தது கரி. நம் ஊருக்குப் பெயர் கொடுத்த புளி இங்கே வருகிறது. காளஹஸ்தி கலம்காரிக்காரர்கள் துணியில் முதல் கோடு போடுவது புளியங்குச்சிக் கரியால்தான். (இப்போது எலுமிச்சையைச் சொன்னால்தான் நம் ஊரைத் தெரிகிறது, போகட்டும்.) நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே ஓவியக் கரிக்கு ‘ஃபுசேன்’ என்பார்கள். அது ஒரு மரத்தின் பெயர். அதன் குச்சியைச் சுட்டதால் கரிக்கும் அதே பெயர். கரிக்கோட்டை அழிக்க எங்கள் வாத்தியார் ரப்பரைத் தொடவிட மாட்டார். ரொட்டியின் நடுப்பகுதியைப் பிய்த்து உருட்டி ஒற்றச் சொல்வார். 1770 வாக்கில் ரப்பர் வரும்வரை ஐரோப்பாவில் அழிப்பான் என்றாலே ரொட்டிதான். பசி நேரத்தில் எங்களுக்கு அழிப்பான் மிஞ்சாது.

பென்சிலும் ஒரு சண்டையில் பிறந்த சரக்கு. பிரான்சுக்கு இங்கிலாந்திலிருந்து வந்துகொண்டிருந்த நல்ல கிராஃபைட் போரினால் நின்றுபோயிற்று. நிக்கோலா ழாக் கோந்தே என்பவர் மட்டமான கிராஃபைட்டைப் பொடித்துக் களிமண்ணோடு பிசைந்து சூளையில் சுட்டார். 1795ல் காப்புரிமை பெற்றார். களிமண் கூடினால் குச்சி கடினம், கோடு வெளிர். குறைந்தால் மை போலக் கறுப்பு. நம் பிள்ளைகள் வாங்கும் நடராஜ், அப்சரா எல்லாம் அந்த வழிதான். கன்னத்துக்கு ஒரு பென்சில், கண்மணிக்கு ஒரு பென்சில் என்று ஓவியர் பிரித்துக்கொள்ள முடிந்தது இதனால்தான்.

நம் பக்கத்தில் இந்த ‘போட்டோ மாதிரி’ முகத்துக்குத் தலைநகரம் கோவில்பட்டி. சென்னை ஓவியப் பள்ளியில் படித்த சி. கொண்டையராஜு, துறவு நாடித் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் சில காலம் இருந்துவிட்டு, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதப் போனார். 1940களில் கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தது. அவர் அங்கேயே தங்கிவிட்டார். சீடர் டி.எஸ். சுப்பையாவோடு அவர் இருந்த இடம் தேவி ஆர்ட் ஸ்டூடியோ. அவர் எழுதிய முருகனும் மீனாட்சியும் சிவகாசி அச்சில் காலண்டராகி வீடு வீடாகப் போனார்கள். அந்தச் சாமிகளின் கன்னத்தில் விழும் வெளிச்சம் ஸ்டூடியோ விளக்கின் வெளிச்சம் என்பது என் எண்ணம். 1976ல் அவர் மறைந்தார்.

நம் காலத்தில் கும்பகோணத்தில் படித்த ஓவியர் இளையராஜா எண்ணெய் வண்ணத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார். ஜன்னல் வெளிச்சத்தில் நிற்கும் அவருடைய கிராமத்துப் பெண்களை போட்டோ என்று சத்தியம் செய்தவர்கள் உண்டு. 2021 ஜூனில் கொரோனா அவரைக் கொண்டுபோயிற்று.

பேரப்பிள்ளை படம் வரைகிறான் என்றால் இதைச் செய்து கொடுங்கள்: பென்சில் பருமனில் காய்ந்த புளியங்குச்சிகளைப் பட்டை உரித்து, மூடியுள்ள தகர டப்பாவில் நெருக்கி அடுக்குங்கள். மூடியில் ஆணியால் ஒரு துளை. விறகடுப்பில் வையுங்கள். துளையில் புகை நின்றதும் எடுத்து, டப்பா முழுக்க ஆறிய பிறகே திறக்க வேண்டும். சூட்டோடு திறந்தால் சாம்பல்தான் கிடைக்கும்.