சிவகங்கைச் சீமை வீரர்களின் பெயர்ப் பட்டியல்

சிவகங்கைச் சீமையின் போர் வரலாற்றை எழுதுவோர் இரண்டு நாட்களைத் தவறாமல் குறிப்பிடுவர். ஒன்று 1772 ஜூன் 25. ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலியின் படையும் ஆங்கிலக் கும்பினியின் படையும் இணைந்து காளையார்கோவிலைத் தாக்க, மன்னர் முத்துவடுகநாதத் தேவர் களத்தில் வீழ்ந்த நாள் அது. மற்றொன்று 1801 அக்டோபர் 24. மருது சகோதரர் இருவரும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட நாள். காரைக்குடி, சிவகங்கை வட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைகளும் இவற்றை அறிவர். மருதிருவருக்கு 2004-லும், வேலு நாச்சியாருக்கு 2008-லும் இந்திய அரசு அஞ்சல் தலை வெளியிட்டது. காளையார்கோவிலில் கோயிலை எதிர்நோக்கி மருதிருவர் சமாதி இருக்கிறது. சிவகங்கையை அடுத்த சூரக்குளத்தில் நாச்சியாரின் நினைவு மண்டபம் எழுந்துள்ளது. தலைவர்களை நாடு மறந்துவிட்டதாக எவரும் குறை கூற இயலாது.

தலைவர்களின் பின்னே நின்று மாண்டவர்களைப் பற்றியே நாம் இங்கு எழுத விரும்புகிறோம். 1801-ஆம் ஆண்டு காரைக்குடியை அடுத்த சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை அமைக்கக் கர்னல் அக்னியூவின் படை ஒரு மாத காலம் முயன்றது. முடியாமல் செப்டம்பர் தொடக்கத்தில் பின்வாங்கியது. ஒரு வல்லரசின் பீரங்கிப் படையை முள்காட்டில் ஒரு மாதம் நிறுத்தி வைத்தவர்கள் இரண்டு தலைவர்கள் மட்டும் அல்லர். வளரியும் வேலும் ஏந்திய குடிபடைகள் அவர்கள். அக்டோபர் முதல் நாள் காளையார்கோவில் வீழ்ந்தபின் மருதிருவரோடு தூக்கிலிடப்பட்டவர்கள் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் என்று மரபாகச் சொல்லப்படுகிறது. 'ஐந்நூறுக்கும் மேற்பட்டோர்' என்பது ஒரு தொகை. தொகைக்குத் தாய் தந்தையர் இல்லை, ஊர் இல்லை, அடக்கத்தலம் இல்லை.

பெயரை விட்டுவிட்டுத் தொகையை மட்டும் சொல்வது பழந்தமிழர் மரபன்று. களத்தில் வீழ்ந்தவனுக்குக் கல் நடுவதைத் தொல்காப்பியம் காட்சி தொடங்கி வாழ்த்து ஈறாக ஆறு நிலைகளாகப் பகுத்துச் சொல்கிறது. அக்கல்லில் பெயரும் புகழும் பொறிக்கப்பட்டதைச் சங்கப் பாடல்கள் பலவிடத்தும் கூறுகின்றன. 2006-ஆம் ஆண்டு தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கண்டெடுக்கப்பட்ட தமிழ் பிராமி நடுகற்கள் இதற்குக் கண்கூடான சான்று. அவற்றுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோள் பூசலில் இறந்த தீயன் அந்தவன் என்பானுடையது. அவன் மன்னனும் அல்லன், குறுநிலத் தலைவனும் அல்லன். மாடுபிடி சண்டையில் மாண்ட ஒருவன். ஈராயிரம் ஆண்டுக்குப் பின்னும் அவன் பெயரை நாம் எழுத்துக்கூட்டிப் படிக்கிறோம். பிற்காலக் கல்வெட்டுகளில் 'உதிரப்பட்டி' என்றொரு சொல் வரும். போரில் உதிரம் சிந்தி இறந்தவனின் குடும்பத்தாருக்கு விடப்பட்ட மானிய நிலம் அது. இறந்தவன் இன்னான் என்று தெரிந்தால்தானே நிலத்தை அவன் பிள்ளைகளுக்கு விட முடியும்!

நமது மரபிலும் இதற்கு ஒத்ததைக் காண்கிறோம். பத்ருப் போரில் ஷஹீதான நபித்தோழர்கள் பதினால்வர்: முஹாஜிர்கள் அறுவர், அன்ஸாரிகள் எண்மர். இப்னு இஸ்ஹாக் தம் சீறாவில் அவர்களைக் குலவாரியாகப் பெயர் சொல்லிப் பதிவு செய்கிறார். முஸ்லிம்களின் அணியில் முதலில் வீழ்ந்தவர் மிஹ்ஜஃ (ரலி). அவர் குறைஷித் தலைவரல்லர். உமர் (ரலி) அவர்களின் விடுதலை பெற்ற அடிமை. குலப்பெருமையே எல்லாமாயிருந்த அரபகத்தில் ஓர் அடிமையின் பெயர் வீரர் வரிசையில் முன்னால் வந்தது சிறு செய்தியன்று. உஹதில் எழுபதின்மர் ஷஹீதாயினர். அவர்களை ஒரே கப்றில் இருவர் மூவராக அடக்கியபோது, யாருக்குக் குர்ஆன் அதிகம் மனனம் என்று கேட்டு அவரை முதலில் வைக்கச் செய்தார்கள் நபி (ஸல்) அவர்கள். அவ்வளவு பெரிய துயரத்தின் நடுவிலும் ஒவ்வொருவரும் தனியே அறியப்பட்டார்.

இதற்கு மாறானது போல் தோன்றும் நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. ஹிஜ்ரி 21-இல் (கி.பி. 642) நஹாவந்துப் போர் நடந்தது. வெற்றிச் செய்தியோடு மதீனா வந்த தூதர், தளபதி நுஃமான் இப்னு முகர்ரின் (ரலி) ஷஹீதானதைக் கூறினார். பின்னர் இன்னின்னார் என்று சிலரைப் பெயர் சொல்லிவிட்டு, தாங்கள் அறியாத மற்றும் பலர் என்று முடித்தார். உமர் (ரலி) அவர்கள் அழுதார்கள். உமர் அறியாததால் அவர்களுக்கு என்ன குறை, அவர்களை அல்லாஹ் அறிவான் என்ற பொருள்படக் கூறினார்கள். இந்த வரலாற்றை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவருள் ஒருவராவது, அப்படியானால் பெயர்களைத் தேடி அலைவானேன் என்று கேட்பதுண்டு. நல்ல கேள்விதான். ஆனால் படைவீரர்களையும் அவர்தம் குடும்பத்தாரையும் பெயர் பெயராக எழுதி மானியம் வழங்க 'தீவான்' எனும் பதிவேட்டை முதன்முதலில் ஏற்படுத்தியவர்களும் அதே உமர் (ரலி) அவர்கள்தாம். (நம் நாட்டில் அமைச்சரைக் குறித்து வந்த 'திவான்' என்ற சொல் இதிலிருந்து கிளைத்ததே.) அல்லாஹ் அறிவான் என்பது இறந்தவருக்குக் கிட்டும் ஆறுதல். உயிரோடு இருப்பவரின் கடமையை அது நீக்கிவிடுவதில்லை என்பதை அவர்களின் செயலே காட்டுகிறது.

பெயர் எழுதுவதில் ஏற்றத்தாழ்வு புகுந்துவிட்டால் என்னாகும் என்பதற்குப் பஸ்ராவிலுள்ள போர் நினைவுச் சின்னத்தைக் காட்டலாம். முதல் உலகப் போரில் இராக்கில் மாண்டவர்களுக்காக ஆங்கிலேயர் எழுப்பியது அது. வெள்ளைச் சிப்பாய்களின் பெயர்களும் இந்திய அதிகாரிகளின் பெயர்களும் அதில் பொறிக்கப்பட்டன. இந்தியச் சிப்பாய்களோ அவரவர் படைப்பிரிவின் கீழ் வெறும் எண்ணிக்கையாக நின்றனர். இறந்தோர் அனைவரையும் வேறுபாடின்றி நினைவுகூர்வதே கொள்கை என்று 1917-இல் தொடங்கப்பெற்ற போர்க் கல்லறை ஆணையத்தின் செயல் இது. பிழையை ஆணையமே ஆராய்ந்து ஒப்புக்கொண்டது 2021-ஆம் ஆண்டில்தான். இரண்டாம் உலகப் போருக்குப்பின் இரங்கூன் அருகே தவுக்கியானில் அமைத்த நினைவுச் சின்னத்தில் ஏறத்தாழ 27,000 பெயர்கள் உள்ளன. அங்கே இந்தியச் சிப்பாய்க்கும் பெயர் உண்டு. பர்மாவோடு கொண்டுவிற்று வாழ்ந்த செட்டிநாட்டார்க்கு அவ்விடம் அந்நியமானதன்று.

சிவகங்கைக்குத் திரும்புவோம். ஒன்றைத் தயங்காமல் சொல்லியாக வேண்டும். நம் சமூக ஏடுகளில் இவ்வரலாறு எழுதப்படும்போது ஹைதர் அலி மட்டும் தவறாமல் வருகிறார். கணவரை இழந்த வேலு நாச்சியாருக்குத் திண்டுக்கல் பக்கம் விருப்பாட்சியில் அடைக்கலம் கிடைக்கவும், 1780-இல் அவர் சீமையை மீட்கவும் ஹைதரின் ஆதரவே துணைநின்றது, உண்மை. ஆயின் 1772-இல் படையெடுத்து வந்தவரும், சிவகங்கைக்கு 'ஹுசேன் நகர்' என்று பெயரிட்டவருமான நவாபும் முஸ்லிமே. 1801-ஆம் ஆண்டு ஜூன் மாதம் திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கத்திலும் ஒட்டப்பட்ட மருதுவின் பிரகடனம் நாட்டை அந்நியரிடம் ஒப்புவித்த நவாபைச் சாடுகிறது. அதே பிரகடனம், போராட எழுமாறு பிற மக்களோடு முஸல்மான்களையும் பெயர் குறித்து அழைக்கிறது. கும்பினியின் சிப்பாய்களுள்ளும் நம்மவர் இருந்தனர். ஒரு பக்கத்து ஜனாஸாவை மட்டும் எண்ணுவது வரலாறாகாது.

அந்த அழைப்பை ஏற்றவர் யார் என்பதற்கு ஒரு பட்டியல் நமக்குக் கிடைத்திருக்கிறது. அதை எழுதியவர் சீமையின் புலவர் அல்லர், கும்பினியின் எழுத்தர். போர் முடிந்தபின் எஞ்சியோருள் எழுபதுக்கும் மேற்பட்டோர் 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றிப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டனர். கைதிகளைக் கணக்குப் பார்க்கும் தேவைக்காக அவர்களின் பெயர்கள் எழுதப்பட்டன. தலைப்பில் வேங்கன் பெரிய உடையாத் தேவர். அடுத்து சின்ன மருதுவின் இளைய மகன் துரைச்சாமி, ஏறத்தாழப் பதினைந்து வயதுப் பிள்ளை. வாராப்பூர் பொம்ம நாயக்கர் இருக்கிறார். இராமநாதபுரம் ஜெகநாத ஐயர் இருக்கிறார். அதே பட்டியலில் ஷேக் உசேன் என்ற பெயரும் இருக்கிறது. தேவரும் நாயக்கரும் ஐயரும் ராவுத்தரும் தனித்தனி மேடைகளில் தத்தம் முன்னோரைக் கொண்டாடும் இக்காலத்தில், பகைவனின் கைதிப் பட்டியல் ஒன்றே அவர்களை ஒரே தாளில் சேர்த்து வைத்திருக்கிறது. அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் மாலை சூட்டுவோர் இப்பட்டியலை முதலிலிருந்து கடைசி வரை ஒருமுறை உரக்கப் படித்தால் என்ன என்பது நமது கோரிக்கை. கால்மணி நேரம்கூட ஆகாது. ரமலான் பதினேழில் பத்ரு ஸஹாபாக்களின் பெயர்களை வரிசையாக ஓதிக் கேட்டுப் பழகிய நம் செவிகளுக்கு இம்முறை புதிதுமன்று.

இப்போரில் அக்னியூவின் படையில் பணியாற்றியவர் ஜேம்ஸ் வெல்ஷ். போருக்கு முந்திய அமைதிக் காலத்தில் சின்ன மருதுவிடமே வேலெறியவும் வளரி வீசவும் கற்றவர்; பின்னர் அவரையே வேட்டையாடும் படையில் சென்றவர். 1830-இல் இலண்டனில் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில் இரண்டையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். 1818-இல் அவர் பினாங்குக்குச் சென்றிருந்தபோது, வயதை மீறித் தளர்ந்துபோன ஒருவர் அவரைக் காண வந்தார். முகத்தைப் பார்த்து வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. வந்தவர் தம் பெயரைச் சொன்னார்: துரைச்சாமி.