ஒரு சுவருக்கு மட்டும் நீலம்

பேரன் தன் சின்ன வெள்ளை அறையில் ஒரு சுவருக்கு மட்டும் நீலம் அடிக்கப் போகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். பிறகுதான் லெ கொர்புசியே நினைவுக்கு வந்தார். கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களால் அவரை வெள்ளைச் சுவர்க்காரராகவே நினைத்துவிட்டோம். பாரீஸில் 1925இல் முடிந்த லா ரோஷ் வீட்டில் வெளிர் சுவர்களுக்கு நடுவே நீலமும் செம்பழுப்பும் உண்டு. நீலம் சுவரைத் தள்ளிக் காட்டும், செம்பழுப்பு அதை நிலைநிறுத்தும் என்பது அவர் கணக்கு. 1931இல் சலூப்ரா நிறுவனத்துக்கு 43 நிறங்களில் சுவர்த்தாள் வகுத்தார். பக்கத்தில் அகலப் பட்டையாகப் பின்னணி நிறம், அருகே சிறு கட்டங்களில் மற்றவை. துளையிட்ட அட்டையை மேலே வைத்து, வேண்டியதை மட்டும் சேர்த்துப் பார்க்கலாம்.

பேரனுக்கும் ஓர் அட்டை வெட்டிக் கொடுத்தேன். இருவரும் பார்த்தோம். அறை சின்னது, நீலமே சரி என்று நானே சொல்ல வேண்டியதாயிற்று.