சீல் உடைந்த திருகு

பழைய லேலண்ட், டாடா லாரிகளின் டீசல் பம்ப்பில், கவர்னர் பக்கமாக ஒரு சின்னத் திருகு உண்டு. டிரைவர் எவ்வளவு மிதித்தாலும் இதற்கு மேல் டீசல் போகாது என்று எல்லை கட்டுவது அதுதான். பம்ப்பைச் சோதித்து அனுப்பும்போது அந்த எல்லையில் கம்பி கோத்து ஈயத்தால் சீல் வைப்பார்கள். திருப்பூர்ப் பக்கம் நான் பார்த்த பழைய லாரிகளில் அந்தச் சீல் முழுசாக இருந்தது அபூர்வம். யார், எதற்காக உடைத்தார்கள் என்று தேடிப்போனால், அது இந்த ஊரின் வரலாறாகவும் விரிகிறது.

1897-இல் ருடால்ஃப் டீசல் ஓட்டிக்காட்டிய எஞ்சினில் எண்ணெயை உள்ளே தள்ளியது அழுத்தப்பட்ட காற்று. அதற்கென்று தனியாக ஒரு கம்ப்ரசர் வேண்டும். ஆலைக்கும் கப்பலுக்கும் சரி, லாரிக்கு ஆகாது. ஜெர்மனியில் ராபர்ட் பாஷின் நிறுவனம் 1922-இல் கையிலெடுத்து, 1927-இல் வரிசையாகத் தயாரிக்கத் தொடங்கிய பம்ப்தான் டீசலைச் சாலைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் அதே பம்ப்பைச் செய்ய 1951-இல் மைக்கோ வந்தது. 1954-இல் டாடா-பென்ஸ் லாரி, 1955-இல் அசோக் லேலண்ட். அதற்குப் பிறகு நம்ம ஊர் மெக்கானிக்குகளுக்கு ‘மைக்கோ பம்ப்’ என்பது ஒரே சொல்லாகிவிட்டது.

அதன் வேலை எளிமையானது. ஆறு சிலிண்டருக்கு ஆறு பிளஞ்சர். ஒவ்வொன்றும் மேலும் கீழும் போகிற தூரம் மாறவே மாறாது. ஆனால் பிளஞ்சரின் உடம்பில் சாய்வாக ஒரு வெட்டு இருக்கிறது. பிளஞ்சரைக் கொஞ்சம் சுழற்றினால், அந்த வெட்டு டீசலை வெளியே விடுகிற துளையைச் சந்திக்கும் நேரம் தள்ளிப்போகும். அவ்வளவு நேரமும் டீசல் நாசிலுக்குப் போகும். ஆறையும் ஒன்றாகச் சுழற்றுவது ‘ராக்’ எனும் பல்சட்டம். ராக் எவ்வளவு நகரலாம் என்பதை அந்தத் திருகு சொல்கிறது. ஒரு முறைக்குப் போவது ஒன்றிரண்டு துளி டீசல்தான். அதில் ஒரு சிலிண்டருக்குக் கூடி இன்னொன்றுக்குக் குறைந்தால் வண்டி உதறும். அதனால்தான் பம்ப் கடையில் ஆறு கண்ணாடிக் குழாய்களில் டீசலைப் பிடித்து மட்டம் பார்க்கிறார்கள்.

இனி திருப்பூருக்கு வருவோம். பனியன் தொழில் ஏற்றுமதியாக வளர்ந்தபோது சாயப்பட்டறைகளும் பெருகின. அவற்றின் கழிவு நொய்யலில் இறங்கியது. 1992-இல் கட்டிமுடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயநீர் தேங்கியது. சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்பேறின. சாயம் போட நல்ல தண்ணீர் வேண்டும்; ஊரில் இல்லை. ஆகவே தூரத்துக் கிராமத்துத் தோட்டக் கிணறுகளிலிருந்து டேங்கர் லாரிகள் தண்ணீர் கொண்டுவந்தன. நெடுந்தூரம் ஓடிக் களைத்த பழைய லாரிகள் பலவற்றுக்கு இதுதான் இரண்டாவது வாழ்க்கை.

12,000 லிட்டர் தண்ணீர் என்றால் 12 டன். அதைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து மண்தடத்திலிருந்து தார்ரோட்டுக்கு ஏற வேண்டும். கூலி நடைக்கணக்கு. “ஏறவே மாட்டேங்குதுங்ணா, கொஞ்சம் கூட்டி வெச்சுடுங்ணா” என்பார் டிரைவர். “டீசல் கணக்கு இடிக்குதுங்க, குறைச்சு வையுங்க” என்பார் ஓனர். நடுவில் மெக்கானிக். பெரும்பாலும் டிரைவர் பக்கமே திருகு திரும்பியது. நடை தவறினால் நஷ்டம் ஓனருக்கும்தானே.

ஆனால் டீசலைக் கூட்டலாம், காற்றைக் கூட்ட முடியாது. டர்போ இல்லாத எஞ்சின் தன்னால் உறிஞ்ச முடிந்ததைத்தான் உறிஞ்சும். காற்றுக்கு மிஞ்சிய டீசல் பாதி எரிந்து கரும்புகையாகும். இன்னும் கூட்டினால் பிஸ்டன் சூடேறும். புகைக்குச் சட்டம் எல்லை வைத்திருந்தது: நின்ற வண்டியில் ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்துப் பார்க்கும் சோதனையில், ஹார்ட்ரிட்ஜ் அலகில் 65. எஃப்.சி.க்குப் போகும் முன் திருகைக் குறைத்து, வந்ததும் கூட்டுவது ஊரறிந்த ரகசியம்.

சாயப்பட்டறையும் இதையேதான் செய்தது என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லையைத் தாண்டினால் லாபம் உடனே கைக்கு வருகிறது. கழிவோ வேறு யாருடைய கிணற்றுக்கோ நுரையீரலுக்கோ போகிறது. அந்தக் கழிவு கெடுத்த தண்ணீரை ஈடுகட்டத்தான் லாரியே ஓடியது. ஆகவே இரண்டு கணக்கும் ஒரே நோட்டில் இருக்கிறது. டிரைவரையோ மெக்கானிக்கையோ மட்டும் குற்றம் சொல்வது எளிது. அவர்களைத் திருக வைத்த நடைக்கூலியை யாரும் சீல் வைத்துச் சோதிக்கவில்லை.

பவானி ஆற்றுத் தண்ணீர் குழாய் வழியே வந்தபின் டேங்கர்கள் குறைந்தன. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது இன்னும் பல நின்றன. அதே காலத்தில் தமிழகமெங்கும் மின்வெட்டு. பனியன் கம்பெனிகளின் ஜெனரேட்டர்களிலும் இதே சாதிப் பம்ப்தான். அங்கே இழுவை அல்ல, 1,500 சுற்று தவறாமல் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் 50 ஹெர்ட்ஸ் நிற்காது. பம்ப் கடைகள் அந்த வேலையில் கொஞ்ச காலம் பிழைத்தன.

2017-இல் பிஎஸ்-4 நாடு முழுக்க வந்தபோதுகூட லேலண்ட் பழைய இன்லைன் பம்ப்பை வைத்தே சமாளித்தது. 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 அதற்கு இடம் தரவில்லை. இப்போது டீசல் அளவை கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. பம்ப்பில் அந்தத் திருகு இல்லை. காற்றுக்கு நல்லதுதான். புகையின் நிறத்தையும் எஞ்சின் சத்தத்தையும் வைத்து எந்தச் சிலிண்டர் கூடுகிறது என்று சொன்ன கைகள் மட்டும் வேறு வேலை தேடுகின்றன. நடைக்கூலியை ஒழுங்காக வைக்க இன்னும் ஒரு பம்ப் கண்டுபிடிக்கப்படவில்லை.