யாழ்ப்பாண நகரத்தின் நிலப் பயன்பாடும் நீண்டகால வளர்ச்சித் திட்டமிடலும்

யாழ்ப்பாண நகரமும் அதை ஒட்டிய ஊர்களும் வரப்போகும் இருபது, முப்பது ஆண்டுகளில் எந்தப் பக்கம் வளரலாம், எங்கே வீடு கட்டலாம், எந்த வயலையும் குளத்தையும் தொடக்கூடாது, வீதியும் வடிகாலும் குடிநீர்க் குழாயும் எவ்வழி போகவேண்டும் என்று முன்கூட்டியே வரையறுத்து வைக்கும் பணி. சட்டப்படி இது பெரும்பாலும் நகர அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. நடைமுறையிலோ மாநகர சபை, பிரதேச சபைகள், பிரதேச செயலகங்கள், தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை, வீதி அபிவிருத்தி அதிகார சபை, கமநல அபிவிருத்தித் திணைக்களம் என்று பல கைகளில் பிரிந்து கிடக்கிறது. இலங்கையின் மற்ற நகரங்களிலும் இதே பிரிவினை உண்டு. ஆனால் குடாநாட்டில் தவறான இடத்தில் கட்டிய ஒரு குடியிருப்பின் விளைவு பக்கத்து ஊரின் கிணற்றில் தெரியும். ஆகவே இங்கே திட்டமிடலை நிலத்துக்கு அடியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

நிலமும் நிலத்தடி நீரும்

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வலிகாமத்தின் வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடிக் கடனீரேரியில் சேர்கிறது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழைதான் ஆண்டு முழுவதற்குமான நீர். அந்த மழை செம்மண்ணைத் தாண்டி மயோசீன் காலச் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்குகிறது. வெடிப்பும் குகையுமாக உள்ள அந்தப் பாறையில் நன்னீர், கீழே நிற்கும் கடல்நீரின் மேல் ஒரு வில்லையாக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் இருக்கும் என்பது நீரியலாளர் சொல்லும் கணக்கு. இந்தக் கணக்கு மறுபக்கமும் வேலை செய்யும். மேலே ஒரு அடி குறைந்தால், கீழிருந்து உவர்நீர் பல மடங்கு ஏறி வரும். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பதை இதற்குக் கண்கூடான சான்றாகச் சொல்லலாம்.

நீர் தாங்கும் பாறைப்படுகைகள் வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என நான்கு பெரும் பகுதிகளாக வகுக்கப்படுகின்றன. நகரத்துக்கு மிக முக்கியமானது சுன்னாகத்தை நடுவாகக் கொண்ட வலிகாமப் படுகை. வெங்காயமும் புகையிலையும் மரக்கறியும் விளையும் தோட்டங்களும் நெருக்கமான குடியிருப்புகளும் ஒரே படுகையின் மேல்தான் இருக்கின்றன. துலா மிதித்து இறைத்த காலத்தில் மனித உடலே இறைப்புக்கு எல்லை வைத்தது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் அந்த எல்லை போய்விட்டது. தோட்டத்துக்குப் போடும் உரமும் மலசலகூடக் குழிகளின் கழிவும் சேர்ந்து கிணற்று நீரில் நைத்திரேற்றின் அளவைக் கூட்டுவது பல ஆய்வுகளில் வெளிப்பட்ட உண்மை. நகரத்தில் பொதுக் கழிவுநீர்க் குழாய்த் தொகுதி இல்லை. வீட்டுக்கு வீடு குழிதான்.

ஒரு பரப்புக் காணியை எடுத்துக்கொண்டால் நிலைமை விளங்கும். குடாநாட்டில் 16 பரப்பு ஒரு ஏக்கர், அதாவது ஒரு பரப்பு 10 பேர்ச். அது ஏறத்தாழ 253 சதுர மீற்றர். சதுரமான காணி என்றால் ஒரு பக்கம் 16 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே 50 அடி, அதாவது 15 மீற்றர் விடவேண்டும் என்பது சுகாதாரத் துறையினர் பொதுவாகச் சொல்வது. வீட்டுக்காரர் கிணற்றை ஒரு மூலையிலும் குழியை எதிர் மூலையிலும் வைத்து விதியைக் காப்பாற்றிவிடலாம். ஆனால் அவருடைய கிணற்றடி மதிலுக்கு அந்தப் பக்கம் அயலவர் குழி வெட்டியிருப்பார். வெடிப்புள்ள சுண்ணாம்புப் பாறையிலோ அந்த 50 அடியே போதுமென்று சொல்லமுடியாது. காணியைத் தனித்தனியாகப் பார்த்து அனுமதி கொடுக்கும் முறை இங்கே தோற்பது இதனால்தான். ஒவ்வொரு கட்டடமும் விதிக்கு அமைவாக இருந்தும் முழு ஊரின் நீரும் கெட்டுப்போகும்.

சுன்னாகத்தில் நடந்தது இதைவிடக் கடுமையானது. அனல் மின்நிலையத்தின் கழிவு எண்ணெய் சுற்றுவட்டாரக் கிணறுகளில் பரவிய வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு மின் உற்பத்தி நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. நிலத்தடி நீர்ப்படுகையின் நடுவில் எந்தத் தொழிலை அனுமதிப்பது என்ற கேள்வி, ஒரு வலயத் திட்டம் முதலிலேயே பதில் சொல்லியிருக்க வேண்டிய ஒன்று.

நகரம் உருவான விதம்

தமிழரசின் தலைநகர் நல்லூர். 1619இல் அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் அதிகாரத்தைக் கடனீரேரிக் கரைக்கு மாற்றிக் கோட்டை கட்டினார்கள். 1658இல் வந்த ஒல்லாந்தர் அதை ஐங்கோணக் கோட்டையாகத் திருத்திக் கட்டியதோடு, கிழக்கே குறுக்கும் நெடுக்குமான தெருக்களோடு குடியிருப்பையும் அமைத்தனர். இதனால் யாழ்ப்பாணத்துக்கு இரண்டு நடுவிடங்கள் வாய்த்தன: கோயிலைச் சூழ்ந்த நல்லூர், கோட்டையையும் சந்தையையும் சூழ்ந்த துறைமுகப் பட்டினம். பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை வீதி, பலாலி வீதி, பருத்தித்துறை வீதி, கண்டி வீதி, மானிப்பாய் வீதி எல்லாம் விசிறிபோல் விரிந்து போகின்றன. இன்றைய நெரிசலின் பெரும்பகுதி இந்த விசிறியின் அடிப்பகுதியில், பேருந்து நிலையத்தையும் பெரிய ஆஸ்பத்திரியையும் சுற்றித்தான் இருக்கிறது. குறுக்கே இணைக்கும் வீதிகள் குறைவு, இருப்பவையும் ஒடுக்கம்.

ஆங்கிலேயர் காலத்தில் 1829 முதல் 1867 வரை அரசாங்க அதிபராக இருந்த பேர்சிவல் டைக், கச்சேரிக்கு அருகே மரங்கள் நட்டு உருவாக்கிய இடம் இன்றைக்கும் பழைய பூங்கா என்று வழங்குகிறது. நகரத்தில் எஞ்சிய பெருமரச் சோலை அது. முற்றவெளியைச் சேர்த்தால், நகர நடுவில் சனம் மூச்சுவிடக்கூடிய பெரிய வெளிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காங்கேசன்துறை வரை வந்த ரயில்பாதை, கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம் என்று நிலையங்களைச் சுற்றி ஊர்களை வளர்த்தது. திட்டம் போடாமலே கிடைத்த நல்ல வளர்ச்சி வடிவம் அது. 1990இல் நின்ற ரயில் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் அடுத்த ஆண்டு காங்கேசன்துறைக்கும் திரும்பியது. ஆனால் அந்த நிலையங்களை ஒட்டிக் குடியிருப்பை நெருக்கி, தோட்டக்காணியை விட்டுவைக்கும் வாய்ப்பு இன்னும் பயன்படுத்தப்படாமலே இருக்கிறது.

சட்டமும் எல்லையும்

1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் கட்டட அனுமதியையும் தெருக்கோட்டையும் கொண்டுவந்தது. 1946ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க நகர, நாட்டுத் திட்டமிடல் கட்டளைச் சட்டம் நிலப் பயன்பாட்டுத் திட்டத்துக்கு வழிவகுத்தது. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் நகர அபிவிருத்தி அதிகார சபை உருவானது. அதிகார சபை ஒரு பகுதியை நகர அபிவிருத்திப் பகுதியாகப் பிரகடனம் செய்தபின், அங்கே அபிவிருத்தித் திட்டம் தயாரித்து, பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, வர்த்தமானியில் வெளியிடுவது முறை. கரையோரத்தில் 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டமும், வயல்காணியில் 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டமும் தனித்தனியே குறுக்கிடும். வயலை மண்போட்டு நிரப்ப அனுமதி வேண்டும் என்பது சட்டம். வீதியோர வயலில் முதலில் சில லோட் மண்ணும், பிறகு ஒரு கடையும், பிறகு அதன் பின்னால் வீடுகளும் வருவது கண்ணால் காண்பது.

யாழ்ப்பாணம் 1949இல் மாநகர சபையானது. அதன் எல்லை ஏறத்தாழ 20 சதுர கிலோமீற்றர். நகரம் அந்த எல்லையை எப்போதோ தாண்டிவிட்டது. பல்கலைக்கழகம் இருக்கும் திருநெல்வேலியும் கொக்குவிலும் கோண்டாவிலும் வாழ்க்கையால் நகரம், நிர்வாகத்தால் நல்லூர்ப் பிரதேச சபை. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலோ மாநகர எல்லைக்குள். மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, 3 நகர சபைகள், 13 பிரதேச சபைகள் என 17 உள்ளூராட்சி மன்றங்கள் உள்ளன. ஒரு சபை வடிகாலை எல்லைவரை கொண்டுவந்து விட, அடுத்த சபையிடம் அந்த நீரை ஏற்க வழி இருக்காது. குப்பைக்கும் இதே கதை. மாநகர எல்லைக்குள் மட்டும் போடும் திட்டம் எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் அரைத்திட்டம்தான். குறைந்தபட்சம் வலிகாமப் படுகை முழுவதையும் ஒரே வரைபடத்தில் வைக்காமல் யாழ்ப்பாணத்துக்கு நிலப் பயன்பாட்டுத் திட்டம் எழுதமுடியாது.

காணியும் ஒழுங்கையும்

குடாநாட்டின் நிலம் பெரும்பாலும் தனியாருடையது. அரசு தன் காணியில் புதுநகரம் அமைத்துக் காட்டும் வழி இங்கே இல்லை. 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமைச் சட்டத்தின்படி சீதனமாகவும் முதுசமாகவும் காணி தலைமுறைக்குத் தலைமுறை பிரிந்து வந்திருக்கிறது. ஒரு வளவு மூன்றாகப் பிரியும்போது, உள்ளே இருக்கும் துண்டுக்குப் போக ஒரு வண்டில்பாதை விடுவார்கள். அது ஒழுங்கையாகும். அதிலிருந்து இன்னொன்று பிரிந்தால் குச்சொழுங்கை. கதியாலும் கிடுகும் வேலியாக இருந்தவரை வேலி ஒரு முழம் அசைந்து கொடுக்கும், மழைநீரும் அடியால் ஓடும். இன்று இரண்டு பக்கமும் சீமெந்து மதில். கழிவகற்றும் பவுசரும் தீயணைப்பு வண்டியும் உள்ளே போகமுடியாத ஒழுங்கைகளில் இரண்டு மாடி வீடுகள் நிற்கின்றன. அகலிக்க வேண்டுமானால் இருபக்கமும் நாலு அடி விடவேண்டும். அதற்குச் சம்மதம் கேட்கவேண்டியவர்களில் ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் லண்டனில், காணியோ அற்றோணித் தத்துவம் வைத்திருக்கும் உறவினர் கையில். பூட்டிக் கிடக்கும் இந்த வீடுகளும் வெறும் வளவுகளும் நகர நடுவில் நிறையவே உண்டு. வெளியே தோட்டக்காணி துண்டாடப்படும்போது உள்ளே நிலம் சும்மா கிடக்கிறது. நீண்டகாலத் திட்டம் ஒன்று முதலில் கைவைக்கவேண்டிய இடம் இது என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. வெறும் வளவுகளில் நெருக்கமாகக் கட்ட ஊக்கம் கொடுத்தால் செம்மண் தோட்டங்கள் தப்பும். ஆனால் கழிவுநீர்க் குழாய் இல்லாமல் நெருக்கினால், மேலே சொன்ன கிணற்றுக் கணக்கு இன்னும் மோசமாகும்.

குடிநீரும் வெள்ளமும்

குடாநாட்டுக்கு வெளியிலிருந்து நீர் கொண்டுவரும் யோசனை பழையது. பொறியியலாளர் ச. ஆறுமுகம் 1954இல் முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஒரு ஆறு’ திட்டம், கனகராயன் ஆற்றின் மிகைநீரை ஆனையிறவுக் கடனீரேரியில் மறித்து, முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சி, உப்பாற்றுக் கடனீரேரிகளுக்கு விட்டு, அவற்றை நன்னீராக்கி நிலத்தடி நீரை வளர்ப்பது. தொண்டமனாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் எழுந்தன. முள்ளியான் வாய்க்கால் முடியவில்லை. நீரைக் குழாயில் விற்பதற்குப் பதிலாக நிலத்திலேயே சேமிக்கும் திட்டம் என்பதால் இது இன்றும் பேசப்படுகிறது. 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு தொடங்கிய யாழ்ப்பாணம்–கிளிநொச்சி நீர்வழங்கல் திட்டம் இரணைமடுக் குளத்தை நம்பியது. கிளிநொச்சி விவசாயிகள் தங்கள் வயலுக்கே நீர் போதாது என்று எதிர்த்தார்கள், அவர்கள் பக்கத்தில் நியாயம் இருந்தது. கடைசியில் வடமராட்சி கிழக்கின் தாழையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டப்பட்டு, 2024 ஓகஸ்டில் திறந்துவைக்கப்பட்டது. கொள்ளளவு நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர். குழாய்நீர் பெரும் ஆறுதல்தான். ஆனால் வீட்டுக்குள் வரும் நீரெல்லாம் கழிவாகி மீண்டும் குழி வழியே அதே பாறைக்குள்தான் இறங்கும்.

மாரியில் கதை மாறும். நகரம் தட்டையானது, கடனீரேரி மட்டத்துக்குச் சற்றுத்தான் உயரம். முன்னோர் குளங்களையும் வெள்ளவாய்க்கால்களையும் தொடுத்து வைத்திருந்தார்கள். ஆரியகுளம், புல்லுக்குளம், வண்ணான்குளம் போன்றவை அதில் எஞ்சியவை. வாய்க்காலின் மேல் கட்டடம் வந்தபின், 2008இல் நிஷா புயலின்போதும் 2020 டிசம்பரில் புரெவியின்போதும் தாழ்ந்த பகுதிகள் நீரில் கிடந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்திய நகரங்களைப் பார்த்து எழுதிய நகரத் திட்டமிடலாளர் பற்றிக் கெடிஸ், குளங்களைத் தூர்க்காமல் காக்கச் சொன்னார். அந்த அறிவுரை இங்கே இரட்டிப்பாகப் பொருந்தும், ஏனென்றால் இங்கே குளம் வெள்ளத்தைத் தாங்குவதோடு கிணற்றுக்கும் ஊட்டுகிறது. உலக வங்கி 2016இல் 55 மில்லியன் டொலர் மேலதிக நிதியோடு யாழ்ப்பாணத்தைத் தந்திரோபாய நகரங்கள் அபிவிருத்தித் திட்டத்தில் சேர்த்தபின், வடிகால், வீதி, பொதுவெளி, மரபுரிமை இடங்கள் ஆகியவற்றில் வேலைகள் நடந்தன.

போரும் திரும்பிய நிலமும்

1981 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநகர எல்லைக்குள் ஏறத்தாழ 1 இலட்சத்து 18 ஆயிரம் பேர் இருந்தனர். 2012இல் அது 88 ஆயிரம். 1981இல் எரிக்கப்பட்ட பொது நூலகம், 1990இல் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டமை, 1995 ஒக்டோபர் இடப்பெயர்வு, புலப்பெயர்வு எல்லாம் இந்த இரு எண்களுக்கு நடுவில் இருக்கின்றன. சனம் குறைந்தும் கட்டடம் பரவும் நகரம் இது. சனத்தொகை ஏறும் என்று வைத்துக் கணக்கிடும் வழக்கமான திட்டமுறை இங்கே அப்படியே பொருந்தாது.

வலிகாமம் வடக்கில் 1990 முதல் உயர் பாதுகாப்பு வலயமாக இருந்த நிலத்தில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க 2013இல் அறிவித்தல் ஒட்டப்பட்டது. உரிமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 2015க்குப் பிறகு பகுதி பகுதியாக விடுவிப்பு நடந்தது, மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில் திரும்பியது. வளமான செம்மண், வலிகாமப் படுகையின் வடபகுதி, பக்கத்தில் பலாலி விமான நிலையமும் காங்கேசன்துறைத் துறைமுகமும். வீதியும் வடிகாலும் முதலில், வீடு பிறகு என்று செய்யக்கூடிய அரிய இடம். ஆனால் திரும்பியவர்களுக்கு முதலில் தேவைப்பட்டது தங்கள் எல்லை எது என்பது. வீடும் வேலியும் தரைமட்டமாகி எல்லைக்கற்கள் காணாமற்போன இடங்களில், பழைய கிணற்றையும் கோயிலையும் அடையாளம் வைத்து நில அளவையாளர்கள் துண்டுகளை மீட்டெடுத்தார்கள். போரால் காணியைப் பேணமுடியாதவர்களுக்கு எதிராக ஆட்சியுரிமைக் காலம் ஓடாது என்று 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் பாதுகாப்புக் கொடுத்தது. விடுவிக்கப்பட்ட ஊர்களில் மீண்டும் போடப்படும் ஒழுங்கைகள் பெரும்பாலும் 1990க்கு முந்திய அகலத்திலேயே போடப்படுகின்றன. வலயத்தின் ஒரு பகுதி இன்னும் படையினரிடம் இருக்கிறது.