பூட்டிய வீட்டுக் காப்பீடு (கன்னியாகுமரி மாவட்டம்)

வீட்டுக்காரர் மாதக்கணக்கில் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும்போது, ஆளில்லாமல் பூட்டிக்கிடக்கும் வீட்டுக்கும் அதிலுள்ள பொருட்களுக்கும் நேரும் இழப்பை ஈடுகட்டுவதற்கான ஏற்பாடு. இந்தியாவில் பெரும்பாலும் இதற்கென்று தனிப் பாலிசி எடுப்பதில்லை. வழக்கமான வீட்டுக் காப்பீடே பூட்டிய வீட்டுக்கும் பயன்படுகிறது. ஆனால் அது தானாகப் பயன்படுவதில்லை என்பதைப் பலர் இழப்பு நேர்ந்த பிறகே அறிகிறார்கள்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இது சிலருக்கு மட்டுமான கவலை அல்ல. கல்குளம், விளவங்கோடு வட்டங்களிலிருந்தும், தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களைக் கொண்ட பழைய நாஞ்சில் நாட்டிலிருந்தும் வளைகுடா நாடுகளுக்கும் பிற மாநிலங்களுக்கும் வேலைக்குப் போனவர்கள் ஏராளம். அவர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்த மாடிவீடுகள் மார்த்தாண்டம், தக்கலை, கருங்கல் பக்கம் ஆண்டில் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன. பெற்றோர் காலமான பிறகு பூட்டப்பட்ட ஓட்டு வீடுகளும் கிராமந்தோறும் உண்டு. சாவி சித்தப்பா வீட்டிலோ அடுத்த வீட்டிலோ இருக்கும். மாதம் ஒருமுறை யாராவது திறந்து பெருக்கிவிட்டுப் போவார்கள்.

காப்பீட்டுச் சட்டகத்தில் இந்த ஏற்பாட்டுக்கு அதிக மதிப்பில்லை. இந்தியாவில் நெடுங்காலம் நடப்பிலிருந்த நிலையான தீ மற்றும் சிறப்பு ஆபத்துகள் பாலிசியின் மூன்றாவது நிபந்தனை தெளிவானது: கட்டடம் 30 நாட்களுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால், இழப்பு நேரும் முன்பே நிறுவனத்தின் ஒப்புதலைப் பெற்று அதைப் பாலிசியில் எண்டார்ஸ்மெண்டாகப் பதிந்திருக்க வேண்டும், இல்லையேல் அந்தக் கட்டடத்துக்குக் காப்பு நீங்கிவிடும். பிரீமியத்தைத் தவறாமல் கட்டியிருப்பது இதற்குப் பதிலாகாது. இந்த நிபந்தனை இந்தியாவுக்கு மட்டும் உரியதும் அல்ல. அமெரிக்காவில் 1943ஆம் ஆண்டின் நியூயார்க் நிலையான தீக் காப்பீட்டு வாசகம் 60 நாள் கணக்கை வைத்தது. பிரிட்டனில் 30 நாள் வரம்பு இன்றும் பரவலாக உள்ளது. ஆளிருக்கும் வீட்டில் புகையும் கசிவும் உடனே கண்ணில் படும். ஆளில்லாத வீட்டில் சிறு சேதம்கூடப் பெருஞ்சேதமாக வளர்ந்த பிறகே தெரியவரும். எல்லா நாட்டு நிறுவனங்களும் அஞ்சுவது இதற்குத்தான். அந்த அச்சம் நியாயமானதே.

2021 ஏப்ரல் 1 முதல் இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவுப்படி வீடுகளுக்கு ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற பொது வாசகப் பாலிசி நடைமுறைக்கு வந்தது. தீ, இடி மின்னல், புயல், வெள்ளம், சுனாமி, நிலநடுக்கம், நிலச்சரிவு, கலவரம், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்து ஒழுகுதல் ஆகியவை இதில் அடங்கும். மரம் சாய்ந்து வீட்டின் மேல் விழுவதும் வெளிப்பொருள் மோதிய சேதமாகக் கணக்கில் வரும். தென்னையும் ரப்பரும் அயனியும் வீட்டை ஒட்டியே நிற்கும் இந்த மாவட்டத்தில் இது முக்கியமான பிரிவு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் கரையோரமாகக் கடந்தபோது மரங்களும் மின்கம்பங்களும் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமி குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி கரைகளை அழித்தது. 2021 நவம்பர் மழையில் மாவட்டத்தின் பல பகுதிகள் நீரில் மூழ்கின.

திருட்டைப் பற்றி இந்தப் பாலிசி சொல்வதைக் கவனித்துப் படிக்க வேண்டும். புயல், வெள்ளம் போன்ற காப்புக்குட்பட்ட நிகழ்வு ஒன்றின் விளைவாக, அது நடந்த 7 நாட்களுக்குள் நேரும் திருட்டு மட்டுமே இதில் சேரும். காற்றில் பின்கதவு பிளந்து, நான்காம் நாள் பித்தளைப் பாத்திரங்களும் டிவியும் போனால் கேட்கலாம். பத்தாம் நாள் போனால் கேட்க முடியாது. பூட்டிய வீட்டில் எந்த நாள் போனது என்பதையே யாரும் சொல்ல முடியாதே என்பதுதான் சிக்கல். மற்றபடி பூட்டை உடைத்து நடக்கும் களவுக்குத் தனியாகக் கொள்ளைக் காப்பு சேர்க்க வேண்டும். பல நிறுவனங்கள் அதிலும் வீடு தொடர்ந்து ஆளின்றி இருக்கும் நாட்களுக்கு வரம்பு வைக்கின்றன. அந்த நாட்கணக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கையெழுத்திடும் முன் தேடிப் பார்க்க வேண்டிய முதல் வரி அதுவே. உடைத்துப் புகுந்த தடயம், போலீஸ் எப்.ஐ.ஆர்., பொருள் மீட்கப்படவில்லை என்ற சான்று ஆகியவை இழப்பீட்டுக்குத் தேவைப்படும். நகையைப் பூட்டிய வீட்டில் வைத்துவிட்டுப் போவதற்கு எந்தப் பாலிசியும் சமாதானம் ஆகாது. வங்கி லாக்கரில் வைத்தாலும், ரிசர்வ் வங்கியின் 2021 விதிப்படி, தீ, திருட்டு போன்றவற்றுக்கு வங்கியின் பொறுப்பு லாக்கரின் ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்குதான்.

எந்தப் பாலிசியிலும் சேராதது மெல்ல வரும் கேடு. தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்கும், வடகிழக்கு மழை டிசம்பர் வரை நீளும். இரண்டு மழையும் பெறும் மாவட்டம் இது. ஒரு ஓடு நகர்ந்தால் போதும், நீர் கழுக்கோலில் இறங்கி மச்சுப் பலகை உளுத்துவிடும். கறையான், பூஞ்சை, கடற்காற்றில் துருப்பிடித்த கம்பி, பராமரிப்பின்மையால் வரும் ஒழுகல் ஆகியவை தேய்மானமாகவே கொள்ளப்படும். மின்கசிவில் எரிந்த இன்வெர்ட்டருக்கு ஈடு கிடையாது. அதிலிருந்து பரவிய தீயில் வீடு எரிந்தால் வீட்டுக்கு உண்டு. ஊருக்குக் கிளம்பும்போது மெயின் சுவிட்சை அணைப்பதும், பேட்டரி இணைப்பைக் கழற்றுவதும், மேல்தொட்டிக் குழாயை அடைப்பதும், ஓலையும் சருகும் அடைத்த மழைநீர்ப் பாத்தியைத் துப்புரவு செய்வதும் பாலிசிக்கு இணையான பாதுகாப்பு என்றே சொல்ல வேண்டும்.

காப்புத் தொகை என்பது மனையின் விலையோ வீட்டின் விற்பனை விலையோ அல்ல. அதே வீட்டை இன்று திரும்பக் கட்ட ஆகும் செலவு. பாரத் கிருஹ ரக்ஷாவில் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, வீட்டுப் பொருட்களுக்குப் பட்டியல் தராமலே காப்பு உண்டு. பாலிசியை 10 ஆண்டுகள் வரை ஒரே தடவையில் எடுக்கலாம் என்பது வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வசதி. வீட்டுக்கடன் வாங்கியவர்கள் பலர், வங்கி எடுத்த பாலிசி எல்லாவற்றுக்கும் போதும் என்று நம்பியிருக்கிறார்கள். அது பெரும்பாலும் கட்டடத்துக்கு மட்டுமானது. அதன் நகலைக் கையில் வைத்திருப்பவர்களோ குறைவு.

புறப்படும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை, போகும் தேதி, திரும்பும் தேதி, சாவி வைத்திருப்பவர் பெயர் ஆகியவற்றைக் குறிப்பிட்டு நிறுவனத்துக்குக் கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பி எழுத்தில் பதில் வாங்குவது. ஏஜென்டிடம் வாயால் சொன்னது பிறகு சாட்சிக்கு நிற்காது. 2021க்குப் பின் எடுத்த பாலிசியானாலும் இதைச் செய்துவிடுவதே நல்லது. உள்ளூர்க் காவல் நிலையத்திலும் தகவல் சொல்லலாம். ரோந்து போகும்போது அந்தத் தெருவைப் பார்த்துக்கொள்வார்கள். நம்பிக்கையான உறவினர் ஒருவருக்குப் பவர் பத்திரம் கொடுத்திருந்தால், சேதம் நேர்ந்த உடனே அறிவிக்கவும் சர்வேயரை வீட்டுக்குள் அழைத்துக் காட்டவும் அவரால் முடியும். ஒவ்வொரு அறையையும் தேதியோடு படமெடுத்து வைத்திருப்பது அப்போது உதவும்.

நிறுவனம் மறுத்தால் முதலில் அதன் குறைதீர் பிரிவிடம் எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதிலில் நிறைவு இல்லாவிட்டாலோ, சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம், வழக்கறிஞர் தேவையில்லை. அவர் வழங்கக்கூடிய இழப்பீட்டின் உச்சவரம்பு 2023இல் 50 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாடுவது இன்னொரு வழி.